உப்புக் குறைந்த கடல்

ஆண்டிறுதி விருந்தில் குலுக்கல்.
மூன்றாம் பரிசு சோற்றுப்பானை,
அதற்குத்தான் வேண்டிக்கொண்டிருந்தேன்.
முதல் பரிசு விழுந்து தொலைத்தது:
ஹெல்சிங்கி, இருவருக்கு, ஐந்து இரவு.
மேசை முழுக்க எழுந்து கைதட்ட
ஹமீதா மட்டும் என் காதருகே குனிந்தாள்:
"அங்கேயும் குளிர்தானேடி?"

ஜூரோங்கில் எங்கள் கிடங்கு.
உள்ளே மைனஸ் இருபத்திரண்டு,
வெளியே முப்பத்து மூன்று.
கதவுக்கு இந்தப் பக்கம் கழுத்தில் வியர்வை,
அந்தப் பக்கம் புருவத்தில் பனி.
ஒரு ஷிப்டில் பதினான்கு தடவை
நாடு மாறுகிறோம்
கடப்பிதழ் இல்லாமல்.

அவருக்கு லீவு கிடைக்கவில்லை என்றார்
(குளிருக்குப் பயம், சொல்லமாட்டார்).
ஹமீதா வந்தாள்.
பயணக் குழுவில் எல்லாரும்
முஸ்தபாவில் வாங்கிய புத்தம்புதுக் கோட்டில்;
நாங்கள் கிடங்குக் கோட்டில்.
முதுகில் மின்னும் மஞ்சள் பட்டை, எண் ஏழு.
துறைமுக வீதியில் ஒரு பெரியவர்
பனி அள்ளும் வண்டி எப்போது வரும் என்று
எங்களிடம் கேட்டார், சைகையில்.
ஹமீதா கடிகாரத்தைப் பார்த்து
பத்து விரலையும் விரித்துக் காட்டினாள்.
அவர் நன்றி சொல்லிப் போனார்.

கடல் வெள்ளையாக இருந்தது.
ஒரு தாய் குழந்தை வண்டியைத்
தள்ளிக்கொண்டு அதன்மேல் போனாள்.
ஒருவன் சைக்கிளில்.
படகுகள் நிற்கிற இடத்திலேயே
ஆணி அடித்த மாதிரி.
நானும் ஒரு கால் வைத்தேன்,
பிறகு இன்னொன்று.
கீழே எங்கோ ஒரு முனகல்,
கட்டில் பலகை இரவில் விடுவது போல.

கையுறையைக் கழற்றி
ஒரு சில்லை நாக்கில் வைத்தேன்.
உப்பு
இருந்தது என்றும் சொல்லலாம்.
ரத்தக்கொதிப்புக்காரர் வீட்டு ரசம்.

மீன் சந்தையில்தான் சிரிப்பு வந்தது.
கூடாரத்துக்குள் அடுக்கிவைத்த வெள்ளைப் பெட்டி,
அதே நீலப் பட்டை, அதே நோர்வே ஒட்டுத்தாள்,
மூலையில் அதே மாதிரி நசுங்கல்.
பதின்மூன்று மணி நேரம் பறந்து வந்து
திங்கட்கிழமை இறக்கி வைத்த பெட்டி முன்னால்
நிற்கிறேன்.
ஹமீதா பழக்கத்தில் எண்ணத் தொடங்கிவிட்டாள்.

விற்கிற பெண் என் கட்டைவிரலைப் பார்த்தாள்.
கணுவில் வெடிப்பு; பிளாஸ்டர் நிற்காத இடம்.
தன் கட்டைவிரலைக் காட்டினாள்.
அதே கணு.
மேசைக்கடியில் துழாவி எடுத்து
ஒரு தகர டப்பா என் உள்ளங்கையில் வைத்து
ஏதோ சொன்னாள்:
நெடிலும் இரட்டித்த ஒற்றுமாய், நீளமாக,
நம் சொல் ஒன்று கோட்டு மாட்டி வந்தது போல.
தலையாட்டினேன்.
காசு வாங்கவில்லை.

ஆவிக்குளியலுக்கும் கூட்டிப்போனார்கள்.
பணம் கட்டி வியர்க்கிறார்கள்.
"மதியம் ஒரு மணிக்கு நம்ம பஸ் நிறுத்தம்"
என்றாள் ஹமீதா. அவ்வளவுதான் அதில்.

சாங்கியில் கதவு திறந்ததும்
ஈரத்துணியால் முகம் துடைத்துவிட்டது ஊர்.
மறுநாள் வேலை. பதினான்கு தடவை.
எப்படி இருந்தது என்றார்கள்.
குளிர் என்றேன்; சிரித்தார்கள்.
டப்பாவை லாக்கரில் வைத்திருக்கிறேன்.
தேனீ படம் போட்டது, பாதி தீர்ந்தது.
ஹமீதாவும் கேட்காமல் எடுத்துக்கொள்கிறாள்.

ஞாயிறு மாலை ஈஸ்ட் கோஸ்ட்.
தொடுவானம் முழுக்கக் கப்பல்கள்
விளக்கு போட்டு வரிசையில் காத்திருக்கின்றன.
அவர் சோளம் வாங்கப் போயிருந்தார்.
செருப்பைக் கழற்றிவிட்டு
கணுக்கால்வரை நின்றேன்.
வெதுவெதுப்பாக, உப்பாக,
விரலிடுக்கு மணலை உருவிக்கொண்டு
போனது அலை.

ஐம்பத்தொரு வயதில்
முதல் தடவையாகத் தோன்றியது:
இந்தக் கடல்மேல்
நடக்க முடியாது.